எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் சீலரே என் தேர்வு

குமுளியில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பம், கூடலூர் பக்கத்துக்காரர்கள். காலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறி, சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். தோட்டம் மாறினால் டாக்டரும் மாறிவிடும். நான் எழுதி வைத்த கேஸ் ஷீட் அவர்களோடு போகாது, பல்லுக்குள் நிரப்பியதுதான் போகும். அதனால் ரூட் கெனாலில் வேர்க்குழாயின் இடுக்குகளை அடைக்கும் பசையான சீலரில் எதை வைத்துக்கொள்வது என்று யோசித்தபோது, அடுத்த டாக்டர் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது எப்படித் தெரியும் என்பதையே முதலில் பார்த்தேன்.

கையில் மூன்று இருந்தன: கிராம்பு வாசனையோடு வரும் ஜிங்க் ஆக்சைடு யூஜினால், ஏஎச் பிளஸ் என்ற எபாக்சி ரெசின், பயோசெராமிக் என்று சொல்லும் கால்சியம் சிலிகேட். விலையில் முதலாவது மலிவு. அடைப்பு, ஒட்டுதல் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது.

ஐஎஸ்ஓ 6876 தரப்படி, 1 மி.மீ. தடிமன் சீலர் குறைந்தது 3 மி.மீ. அலுமினியத்துக்கு நிகராக எக்ஸ்ரேயைத் தடுக்க வேண்டும். அதே தடிமன் டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்லின் கெட்டிப் பகுதி) தடுப்பது ஏறத்தாழ 1 மி.மீ. அலுமினியம் அளவுதான். ஆகவே 3 போதுமே என்று தோன்றும். ஆனால் வேருக்குள் நிரப்பும் ரப்பர் போன்ற கட்டா பெர்ச்சாவுக்கும் வேர்ச் சுவருக்கும் நடுவில் சீலர் 1 மி.மீ. இருப்பதில்லை, மெல்லிய படலமாகத்தான் இருக்கும். அதன் முன்னும் பின்னும் டென்டினும் எலும்பும் வேறு மறைக்கின்றன. எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும் சீலர் அங்கே சாம்பலாக மங்கிவிடும்.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி என்று ஒரு அக்கா வந்தார். வேறெங்கோ செய்த ரூட் கெனால். படத்தில் கட்டா பெர்ச்சாவைச் சுற்றி மங்கலான கோடு. சீலரா, வெற்றிடமா என்று பிரித்தறிய முடியவில்லை. பிரித்துப் பார்த்தேன். உள்ளே சீலர் நன்றாக இறுகியிருந்தது. வலி பக்கத்துப் பல்லிலிருந்து வந்திருக்கிறது. "ரெண்டு நாள் கூலி போச்சே டாக்டரம்மா" என்றார். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

ஏஎச் பிளஸில் கால்சியம் டங்ஸ்டேட்டும் சிர்கோனியம் ஆக்சைடும் இருப்பதால் வெண்மை எடுப்பாக விழுகிறது. பிடுங்கிய ஒற்றைவேர்ப் பற்கள் மூன்றில் ஒவ்வொரு சீலரையும் நிரப்பி, ஒரே எக்ஸ்போஷரில் படம் எடுத்தேன். ஏஎச் பிளஸ் போட்ட பல்லில் மட்டும் வேர்க்குழாயின் பக்கக் கிளைக்குள் சீலர் நுழைந்தது நூலிழையாகத் தெரிந்தது. பற்கள் வேறு வேறு என்பதால் இதை அளவீடாகக் கொள்ள வேண்டாம். யூஜினால் வகையில் பொடி குறைந்து தண்ணியாகக் கலந்தால் படமும் மங்கும். கலக்கும் அசிஸ்டன்ட் கையைப் பொறுத்தது அது.

ஏஎச் பிளஸிலும் ஒரு சிக்கல் உண்டு. வெண்மை கூடினால் கட்டா பெர்ச்சாவின் எல்லை கலந்துபோய், சின்ன வெற்றிடம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். கோணத்தை மாற்றி இன்னொரு படம் கட்டாயம் எடுக்கிறேன்.

பயோசெராமிக்கை வேர்நுனி ஈரமாகவே இருக்கும் பற்களில் வைத்திருக்கிறேன். இருபது பல் இருக்கும், ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதனால் அதன் நீண்டகாலப் பலனைப் பற்றி நான் பேசக்கூடாது. இறுகிய பிறகு பிரித்தெடுப்பது சிரமம் என்பதை மட்டும் ஒரு பல்லில் கைவலிக்கக் கண்டேன். அதை வைக்கும் பல்லுக்கெல்லாம், முடித்த அன்றே எடுத்த படத்தில் சீலர் பெயரை எழுதி, நோயாளியின் போனுக்கே அனுப்பிவிடுகிறேன்.