நீர்ப்படுகையைக் கடக்க: பம்பா, மண்சரிவா?

குள்ளர்களை வைத்து நிலத்தடிக் கோட்டை கட்டும் கணினி விளையாட்டான டுவார்ஃப் ஃபோர்ட்ரஸில், தோண்டும்போது கனத்த நீர்ப்படுகை (வேகமாக நீர் ஊறும் நிலத்தட்டு) குறுக்கிட்டால், திருகு பம்ப்தான் பலருடைய முதல் தேர்வு. குள்ளர்கள் நீரை இறைக்க இறைக்கச் சுவர் எழுப்ப வேண்டும். இறைப்பவர் தண்ணீர் குடிக்கப் போனாலே குழி நிரம்பிவிடும். படுகை பல தட்டுகளாக இருந்தால் ஒவ்வொன்றிலும் அதே பாடு.

நான் மண்சரிவையே தேர்வேன். மேலே ஒரு மண்திட்டைச் சுற்றிலும் வெட்டிப் பிரித்து, ஒற்றைத் தாங்குதூணில் நிறுத்துங்கள். நெம்புகோலை இழுத்துத் தூணை அகற்றினால் திட்டு படுகைக்குள் இறங்கும். விழுந்த மண்ணில் நீர் ஊறாது. அதன் நடுவே படிக்கட்டு வெட்டலாம். திட்டம்தான் நிறைய வேண்டும்.

இலங்கையின் ஹட்டன் பக்கம் அடைமழையில் மண்சரிவு எச்சரிக்கை கேட்டு லயத்தை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) விட்டு வெளியேறும் எங்களுக்கு, இதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. கிளம்பும் புழுதியே அருகிலிருப்பவர்களைத் தூக்கி எறியும். நெம்புகோலைத் தூரத்தில் வையுங்கள்; இழுக்கும் முன் எல்லோரையும் அப்புறப்படுத்துங்கள்.