25க்கு 1 கலவையா, 50க்கு 1 கலவையா? டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் கலப்பது பற்றி ஓர் ஒப்பீட்டு அலசல்

தோப்பில் புல் வெட்டும் பிரஷ் கட்டர், தோளில் மாட்டும் பவர் ஸ்பிரேயர், மரம் அறுக்கும் செயின் சா ஆகியவற்றில் பெரும்பாலானவை இன்னும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில்தான் ஓடுகின்றன. இவ்வகை எஞ்சினில் ஆயில் தங்குவதற்கெனத் தனி அறை கிடையாது. பெட்ரோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் நுழைந்து அதன்பிறகே சிலிண்டருக்கு மேலேறுவதால், அந்தப் பெட்ரோலோடு வரும் ஆயில்தான் கிராங்க் பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைத்துக் காக்கிறது. ஆகவே எந்த ஆயிலை எந்த அளவில் கலப்பது என்பதைப் பொறுத்தே எஞ்சினின் ஆயுள் அமைகிறது. விவாதம் பெரும்பாலும் அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆயிலின் தரத்தை முடிவு செய்யாமல் அளவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பதே என் கருத்து.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "40 போடு" என்று ஒருவர் சொன்னால், அது லிட்டருக்கு 40 மில்லியா அல்லது 40 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயிலா என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது அவசியம். லிட்டருக்கு 40 மில்லி என்றால் அது 25க்கு 1. 40க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மில்லிதான். 50க்கு 1 என்பது 20 மில்லி. லிட்டருக்கு 50 மில்லி என்பதோ 20க்கு 1. ஒரே எண்ணை இருவர் இரு பொருளில் புரிந்துகொண்டால் ஆயில் அளவு இரண்டரை மடங்கு வரை மாறிப்போகும். எனவே கேனின் மேல் விகிதத்தை எழுதாமல், 5 லிட்டருக்கு எத்தனை மில்லி என்று எழுதி ஒட்டிவிடுவது நல்லது: 50க்கு 1 என்றால் 100 மில்லி, 25க்கு 1 என்றால் 200 மில்லி.

இனி இரு கலவைகளையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போம். ஆயில் போதாவிட்டால் சேதம் உடனே நேர்கிறது: சிலிண்டர் சுவரில் ஆயில் படலம் அறுந்து, பிஸ்டன் உரசிச் சூடேறி, ஜாம் ஆகிவிடுகிறது; பிறகு சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றும் செலவு வந்து நிற்கிறது. ஆயில் கூடினால் சேதம் மெதுவாக வருகிறது. புகை அதிகரிக்கும், ஸ்பார்க் பிளக் நனைந்து கரிபடியும், சைலன்சரின் வலையிலும் புகைவழியிலும் கரி அடைத்து எஞ்சின் இழுவை குறையும், பிஸ்டன் ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சுத்தம் செய்து சரிப்படுத்திவிடலாம் என்பதால், "சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் கூடப் போடு" என்று மெக்கானிக்குகள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. கார்புரேட்டர் வழியே செல்லும் கலவையில் ஆயிலின் பங்கு கூடும்போது பெட்ரோலின் பங்கு குறைகிறது. 50க்கு 1 கலவையில் பெட்ரோல் ஏறத்தாழ 98 சதவீதம், 25க்கு 1 கலவையில் 96 சதவீதம். அதாவது ஆயிலைக் கூட்டினால் எரிபொருள் சற்றே மெலிந்து எஞ்சின் சூடாக ஓடும். வித்தியாசம் சிறியதுதான், என்றாலும் கார்புரேட்டர் திருகுகளைத் திருப்ப முடியாதபடி மூடி வரும் புதிய இயந்திரங்களில் அதைச் சரிசெய்ய வழியில்லை.

இந்த இரண்டில் எது சரி என்பதைத் தீர்மானிப்பது ஆயில்தான். ஸ்டில் நிறுவனத்தின் செயின் சா கையேடுகள் தங்கள் ஆயிலுக்கு 50க்கு 1 என்றும், மற்ற நிறுவன ஆயில்களுக்கு 25க்கு 1 என்றும் குறிப்பிட்டு வந்திருக்கின்றன. ஹஸ்க்வர்னா கையேடுகளில் பிற ஆயில்களுக்கு 33க்கு 1 என்று காணலாம். இதைச் சொந்த ஆயிலை விற்பதற்கான உத்தி என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் ஆயில்களின் தரம் உண்மையிலேயே வேறுபடுகிறது. டூ ஸ்ட்ரோக் ஆயில்களுக்கான ஜப்பானின் ஜாசோ தரவரிசையில் எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று படிகள் உண்டு. எஃப்சி குறைந்த புகைக்கானது, எஃப்டி அதே குறைந்த புகையோடு எஞ்சினைக் கரியின்றி வைத்திருக்கும் திறனும் கூடியது. காற்றால் குளிரும் கைக்கருவிகளுக்கு எஃப்டி ஆயிலை 50க்கு 1 அளவில், கையேடும் அதையே சொல்லுமானால், தயங்காமல் பயன்படுத்தலாம். டப்பாவில் எந்தத் தரமும் அச்சிடப்படாத மலிவான 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலை அதே அளவில் கலப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். படகு எஞ்சின்களுக்கான டிசி-டபிள்யூ3 ஆயில் நீரால் குளிரும் எஞ்சினுக்கென உருவானது. அதைப் பிரஷ் கட்டரில் ஊற்றக் கூடாது. கார், பைக்கின் ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலை எந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினிலும் கலக்கக் கூடாது. பழைய எஞ்சின்களில் பிஸ்டனைத் தாங்கும் பின்னுக்கு (பிஸ்டன் பின்) உருளும் ஊசி பேரிங் இல்லாமல் வெறும் உலோக வளையமான புஷ் இருக்குமானால், எவ்வளவு நல்ல ஆயிலானாலும் பழைய கையேட்டின் கூடுதல் அளவையே பின்பற்ற வேண்டும்.

சாலை வண்டிகளில் இன்னொரு போட்டி உண்டு: பெட்ரோலிலேயே கலப்பதா, ஆயில் பம்ப்பா? 1980இல் வந்த டிவிஎஸ் 50 மொபெட் முதல் வழியைச் சார்ந்தது. யமஹா 1964இல் அறிமுகப்படுத்திய ஆட்டோலூப் என்னும் பம்ப் முறை, இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரான ஆர்எக்ஸ் 100 பைக்கில் இருந்தது. இந்தப் பம்ப் எஞ்சின் வேகத்தையும் ஆக்ஸிலரேட்டரையும் பொறுத்து ஆயிலைக் கூட்டிக் குறைக்கிறது. இன்று ஆர்எக்ஸ் 100 வைத்திருப்போரில் சிலர் பம்ப்பை நம்பாமல் கழற்றிவிட்டு டேங்கில் ஆயில் கலக்கிறார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்ஸிலரேட்டரை மூடியபடி கியரில் இறங்கும்போது எஞ்சின் வேகமாகச் சுழலும், உள்ளே போகும் பெட்ரோலோ மிகக் குறைவு; பெட்ரோலோடு மட்டுமே ஆயில் வரும் வண்டியில் ஆயிலும் அதே அளவுக்குக் குறைந்துபோகும். பம்ப் உள்ள வண்டியில், ஆக்ஸிலரேட்டர் மூடியிருந்தாலும் குறைந்தபட்ச ஆயில் போய்க்கொண்டேயிருக்கும். பம்ப்பின் கேபிள் தளர்ந்தாலோ குழாயில் காற்று புகுந்தாலோ ஆபத்துதான். அதற்குத் தீர்வு கேபிளைச் சரிசெய்து, காற்றை வெளியேற்றி, ஆயில் டேங்கைக் காலியாக விடாமல் இருப்பதே.

டேங்கில் நேரடியாக ஆயிலை ஊற்றுவதும் கேனில் கலந்து ஊற்றுவதும் ஒன்றல்ல. ஆயில் பெட்ரோலைவிட அடர்த்தியானது. கரையும் முன் அது அடியில் தங்கி முதலில் கார்புரேட்டருக்குள் இறங்கிவிட்டால், பின்னால் வருவது ஆயில் குறைந்த பெட்ரோல். கேனில் பாதிப் பெட்ரோலை ஊற்றி, அளந்த ஆயிலைச் சேர்த்து, நன்றாகக் குலுக்கி, மீதியைச் சேர்ப்பதே சரியான முறை. கண் அளவில் ஆயில் ஊற்றுவதால் எழுந்த புகை எவ்வளவு பெரிய சிக்கலாக இருந்தது என்பதற்கு டெல்லியே சான்று: 1998 இறுதியில் அங்கே சில்லறை 2டி ஆயில் விற்பனை தடைசெய்யப்பட்டு, பெட்ரோல் பங்குகளிலேயே சரியான அளவில் கலந்து தரும் முறை கட்டாயமாக்கப்பட்டது.

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல், அதிக அளவில் கலந்து சேமிப்பதை அபாயகரமாக்கியிருக்கிறது. கைக்கருவிகளின் கையேடுகள் பல 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கும், ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியிலிருந்து உறிஞ்சும் எஞ்சினுக்கு அப்போது ஆயிலே கிடைக்காது. எனவே 5 லிட்டரை மொத்தமாகக் கலந்து மாதக்கணக்கில் வைப்பதைவிட, ஓரிரு வாரத்தில் தீரும் அளவுக்கு ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று கலப்பதே மேல். பருவம் முடிந்து கருவியை எடுத்துவைக்கும்போது டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஐட்லிங்கில் ஓடவிட்டு, கார்புரேட்டரிலும் எரிபொருள் தங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.