சொந்தப் பேரா, மாத்தின பேரா?
டிவி நடிகர்கள்ல வாயில நுழையாத சொந்தப் பேரையே வச்சுக்கிறவங்களும் உண்டு, ஈஸியான பேரா மாத்திக்கிறவங்களும் உண்டு. ஒரே வீட்லயே ரெண்டும் இருக்கு பாருங்க, 'தி வெஸ்ட் விங்'ங்கற அமெரிக்க சீரியல்ல பிரசிடென்ட்டா வந்த மார்ட்டின் ஷீன் நிஜத்துல ரமோன் எஸ்டவெஸ், ஸ்பானிஷ் பேருன்னாலே சான்ஸ் தர மாட்டேங்கறாங்கன்னு மாத்திக்கிட்டாரு, ஆனா சர்டிபிகேட்ல இன்னும் ரமோன்தான். மூத்த பையன் எமிலியோ எஸ்டவெஸ்ஸாவே நின்னுட்டாரு, தம்பி சார்லி மட்டும் ஷீன் ஆயிட்டாரு. மாத்தினா ஆரம்பத்துல வேலை சுலபம், ஆனா மாத்தினதுக்கு மார்ட்டினே பின்னாடி வருத்தப்பட்டாரு.

இங்கிலாந்து நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச் நேர் எதிர். முதல்ல கார்ல்டன்னு போட்டுட்டு அப்புறம் சொந்தப் பேருக்கே திரும்பினாரு, 2010ல 'ஷெர்லாக்' சீரியல் வந்ததும் ஜனங்க அந்தப் பேரைச் சொல்லத் தடுமாறுனதே ஓசி விளம்பரம் ஆயிடுச்சு (இன்னும் பாதிப்பேர் தப்பாத்தான் சொல்றாங்க). என் ஓட்டு கம்பர்பேட்ச் பக்கம்தான்.