விடுதலை ஜெபம் முடிந்த மறுநாள்: சிங்கப்பூரில் கிடைக்கும் உதவிகள், ஒரு மதிப்பீடு

பேயோட்ட, சபைக்காரர்கள் சொல்கிறபடி 'விடுதலை ஜெபம்' செய்ய, ஆள் கிடைப்பது பெரிய விஷயமில்லை. ஒரு போன் போட்டால் ஜெபக்குழு வீட்டுக்கே வரும். அவர்கள் கிளம்பியபின் தொண்டை கட்டி, மணிக்கட்டு கன்றிப்போய் சோபாவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் கொட்டாவி விட்டால்கூட வீடே திரும்பிப் பார்க்கும். அவருக்கு யார் இருக்கிறார்கள் என்பதே இங்கே கேள்வி. உதவிகளை ஒரே அளவுகோலில்தான் பார்த்திருக்கிறோம்: வருபவரை மாத்திரையா, விசுவாசமா என்று தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்களா? சொன்னால் அங்கே மறுபடி போக வேண்டாம், சொன்னவர் டாக்டரானாலும் பாஸ்டரானாலும்.

மனசுக்கு முன்னால் உடம்பு. மணிக்கணக்கில் அமுக்கிப் பிடிக்கப்பட்டு முரண்டியவருக்கு மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பதாக இருக்கலாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. அடுத்தது உபவாசம். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்கு 'தெம்பு வரட்டும்' என்று பிரியாணி வாங்கித் தரக் கூடாது. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறும். முதல் இரண்டு நாள் வழக்கமான அளவில் பாதிக்கு மேல் வேண்டாம், அதுவும் டாக்டர் பார்த்தபின். ஜெர்மனியில் 67 முறை பேயோட்டப்பட்ட அன்னலீஸ் மிஷெல் 1976ல் இறந்தது பட்டினியால். 1978ல் பெற்றோரும் இரண்டு குருக்களும் தண்டனை பெற்றார்கள்.

'விடுதலை கிடைச்சாச்சு' என்று நிறுத்திய மாத்திரையை, பயம் வந்ததும் பழைய அளவிலேயே விழுங்குவதும் ஆபத்துதான். மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் மாத்திரை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் குறைந்த அளவிலிருந்துதான் மறுபடி ஏற்ற வேண்டும். வலிப்பு மருந்தை நிறுத்தியவர் அன்றே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

இனி எங்கே போவது? முதல் இடம் பாலிகிளினிக், அதாவது அரசு மருந்தகம். இதற்குத்தான் எங்களிடம் அதிக மதிப்பெண், காரணம் சலுகைக் கட்டணம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மனநல நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். ஹெல்த்ஹப் செயலியில் நேரம் எடுத்துவிடுங்கள். உள்ளே கிடைப்பது சில நிமிடங்கள்தான் என்பதால் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போவது நல்லது: எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை நாள் உபவாசம், எந்த மாத்திரை எப்போது நின்றது, தலையில் அடிபட்டதா, அதன்பிறகு ஒவ்வொரு இரவும் எத்தனை மணி நேரத் தூக்கம். பேச்சை எப்படித் தொடங்குகிறோம் என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 'டாக்டர், எனக்குப் பேய் பிடிச்சிருந்துச்சு' என்றால் பேச்சு பேயைப் பற்றிப் போய்விடும். 'போன சனிக்கிழமை மூணு மணி நேரம் எனக்கு விடுதலை ஜெபம் செஞ்சாங்க, கைகாலைப் பிடிச்சுக்கிட்டாங்க, அன்னையிலேர்ந்து தூக்கம் இல்ல' என்றால் அவர் எழுத ஆரம்பிப்பார்.

மொழிபெயர்க்க, ஜெபத்தன்று உங்கள் காலை அமுக்கிப் பிடித்த மாமாவை அழைத்துப் போக வேண்டாம். தமிழ் தெரிந்த ஊழியர் யாராவது இருக்கிறார்களா என்று பதிவு முகப்பிலேயே கேளுங்கள். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு அரசுச் சலுகை கிடையாது. ஹெல்த்சர்வ் அமைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை தருகிறது.

அரசு மனநல மருத்துவமனையான மனநலக் கழகம் என்றதும் நம் ஆட்களுக்கு இன்னும் 'உட்பிரிட்ஜ்' என்ற பழைய பெயர்தான் வாயில் வரும், கூடவே ஒரு முகச்சுளிப்பும். 'பைத்தியம்னு எழுதிருவாங்க' என்ற பயத்துக்கு ஒரு பதில் உண்டு. ஆவி பிடித்தது போன்ற நிலைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே தனிக் குறியீடு இருக்கிறது, 6பி63. ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வரும் அருளை அதில் சேர்ப்பதில்லை என்றும் அங்கேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். புவாங்கோக்கில் உள்ள கழகத்தின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். செத்துப்போகச் சொல்லிக் குரல் கேட்கிறது, இரண்டு மூன்று நாளாகத் தூக்கமே இல்லை என்றால் பரிந்துரைக் கடிதத்துக்குக் காத்திருக்காமல் நேரே போகலாம். செலவைப் பொறுத்தவரை, பதற்ற நோயும் கடும் மனச்சோர்வும் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தக்கூடிய நாள்பட்ட நோய்களில் உண்டு.

ஆலோசகரிடம் போகும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதல் சந்திப்பிலேயே 'என்ன நடந்துச்சுன்னு ஒண்ணுவிடாம சொல்லுங்க' என்று குடைபவர் சரிப்பட மாட்டார். அதிர்ச்சி நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பதால் பலனில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அடுத்த ஞாயிறே மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்வதும் இதே தப்புதான், மைக் கையில் இருப்பது மட்டுமே வித்தியாசம். ஒரு மாதம் கழிந்தும் அந்தக் காட்சி கண்முன் வந்து, கூட்டுப் பாடல் கேட்டாலே உடம்பு நடுங்கினால், அதிர்ச்சிக்கென்றே உள்ள சிகிச்சை தேவை. வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள் வரும்.

போன் உதவிகள் ராத்திரி மூன்று மணிக்கு உதவும், தொடர் சிகிச்சைக்கு ஆகாது. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767, தேசிய மைண்ட்லைன் 1771, மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. மூன்றும் 24 மணி நேரம்.

இந்தப் பயம் வேதத்தின் பெயரால் வந்தது. ஆறுதலும் அங்கிருந்து வரவேண்டும் என்று ஏங்குபவரை வெறும் மருத்துவமனையோடு நிறுத்திவிட முடியாது. போன ஆவி ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பும் என்ற வசனம்தான் (மத்தேயு 12:43-45) தூக்கத்தைக் கெடுக்கிறது. அதன் கடைசி வரியை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை: இந்தப் பொல்லாத தலைமுறைக்கும் அப்படியே நேரிடும் என்று அது முடிகிறது. எதிரே நின்று அடையாளம் கேட்டவர்களைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. இதைப் பொறுமையாக உட்கார்ந்து விளக்கும் ஒரு போதகர், மறுபடி கைவைத்து ஜெபிக்கும் பத்துப் பேருக்குச் சமம்.

கத்தோலிக்கருக்கு இங்கே சில வசதிகள் உண்டு. திருச்சபைச் சட்டம் 1172ன்படி ஆயரின் வெளிப்படையான அனுமதியில்லாமல் யாரும் பேயோட்டும் சடங்கு செய்யக் கூடாது. நோயா என்று முதலில் பார்க்க வேண்டும் என்று மறைக்கல்வி நூலும் (எண் 1673) சொல்கிறது. ஆகவே 'அன்று நடந்தது அனுமதியோடு நடந்ததா' என்று பங்குத்தந்தையிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இன்னொன்று பாவசங்கீர்த்தன முத்திரை. அங்கே சொன்னதைக் குரு வெளியே விடவே முடியாது. தேக்காவில் சொன்னது பொங்கோல் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகாத நம் சமூகத்தில் இது சின்ன விஷயமா? 1888ல் கட்டிய ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர் தேடிப்போகும் இடம். மற்ற சபைகள் பலவற்றில் அப்படியொரு முத்திரை இல்லை. 'பாஸ்டர், இது ஜெபக்குழு காதுக்குப் போகாதுதானே?' என்று பேச்சைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எந்தச் சபையானாலும் அன்று அந்த அறையில் இல்லாத ஊழியராகத் தேடுங்கள்.

வீட்டில் நடக்கும் இழப்பை எந்தச் சேவையும் கேட்பதில்லை என்பது எங்கள் பெரிய குறை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கலந்த குடும்பங்களில், 'கட்டு' அவிழ்க்கிறோம் என்று பாட்டியின் காமாட்சி விளக்கைக் குப்பைக் குழாயில் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டாம் மாடியிலிருந்து அது தடதடவென்று இறங்கும் சத்தம் காதில் நிற்கும். இந்தத் துக்கத்தையும் ஆலோசகரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டு வாரத்துக்குக் கண்ணைப் பார்த்துச் சோதிப்பது, தூங்கும்போது நெற்றியில் எண்ணெய் பூசுவது இரண்டையும் நிறுத்துங்கள். ஏப்பமும் இருமலும் எல்லாருக்கும்தான் வரும்.

யாராவது வீடியோ எடுத்திருந்தால் அந்த வீடியோவை அரட்டைக் குழுவில் இருந்து நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். காயம் பட்டிருந்தால் நீக்கும் முன் ஒரு பிரதியை நம்பகமானவரிடம் வைத்துக்கொள்ளுங்கள், போலிஸ் புகாருக்கு வேண்டியிருக்கும். குடும்பமே கட்டாயப்படுத்தினால் 1800-777-0000, வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண், இதுவும் 24 மணி நேரம். குழு மறுபடி வந்து மணியடித்தால் இரும்புக் கேட்டைப் பூட்டியே வைத்துக்கொண்டு, 'இன்னிக்கு வேண்டாம் ஐயா, நாங்களே கூப்பிடுறோம்' என்று கம்பி வழியாகச் சொன்னால் போதும்.