மூளைக்கு எந்த ஸ்கேன்? திருகோணமலையில் இருந்துகொண்டு ஓர் ஒப்பீடு

திருகோணமலையில் யாருக்காவது தலையில் அடிபட்டாலும் சரி, வாய் கோணிப் போனாலும் சரி, பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது "இதுக்கு எம்.ஆர்.ஐ. எல்லோ எடுக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். விலை கூடினதுதான் நல்ல ஸ்கேன் என்ற கணக்கு அது. ஆனால் இந்த மெஷின்கள் எல்லாம் ஒன்றையே பார்ப்பதில்லை. ஒன்று எலும்பையும் இரத்தத்தையும் பார்க்கிறது, ஒன்று தண்ணீரை, ஒன்று மின்சாரத்தை, இன்னொன்று சீனியை. எது வேண்டும் என்பது, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்பதைப் பொறுத்தது.

அவசரம் என்றால் சி.டி.தான். வளையத்துக்குள் எக்ஸ்ரே குழாய் தலையைச் சுற்றி வரும். மறுபக்கம் எவ்வளவு கதிர் கடந்து வந்தது என்று அளந்து, பல கோணங்களில் கிடைத்த அளவுகளைக் கொண்டு கணினி குறுக்குவெட்டுப் படங்களைக் கணித்தெடுக்கும். 1971 ஒக்டோபரில் லண்டனில் ஒரு பெண்ணின் தலையைத்தான் முதன்முதலாக இப்படிப் படம் எடுத்தார்கள். அந்த மெஷினைச் செய்த கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட், இசைத்தட்டு விற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர். 1979இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அடர்த்தியை அளக்கும் அலகும் அவர் பெயரில்தான் இருக்கிறது: தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, மூளைத் திசுவுக்கு 30–40, புதிதாகக் கசிந்து உறைந்த இரத்தத்துக்கு 50–70. இந்தச் சின்ன வித்தியாசத்தால்தான் புது இரத்தக் கசிவு படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது.

நிலாவெளி வீதியில் ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து மயங்கிக் கிடந்தால், மண்டையோடு வெடித்திருக்கிறதா, உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறதா என்று சி.டி. சில நிமிடங்களில் சொல்லிவிடும். ஆள் அசைந்தாலும் ஓரளவு சமாளிக்கும். அந்த இடத்தில் எம்.ஆர்.ஐ. கேட்டு நிற்பது நேரத்தைக் கொல்வது.

பாரிசவாதத்தில் கதை கொஞ்சம் சிக்கலானது. அது இரத்தக் குழாய் அடைபட்டும் வரும், வெடித்தும் வரும். அடைப்பு என்றால், தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாம். வெடிப்பு உள்ளவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் ஆளையே கொன்றுவிடும். அதனால் முதலில் சி.டி. எடுத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்கிறார்கள். ஆனால் அடைப்பினால் வந்த பாரிசவாதம் முதல் சில மணித்தியாலங்களில் சாதாரண சி.டி.யில் அனேகமாகத் தெரியாது. "ஸ்கேன்ல ஒண்டுமில்லையாம்" என்று வீட்டார் நிம்மதிப்படுவது இங்கேதான் பிழைக்கிறது. ஒன்றுமில்லை என்றால் இரத்தக் கசிவு இல்லை என்பது மட்டும்தான் அர்த்தம். கை இழுத்தது இழுத்ததுதான்.

நேரமும் ஒரு சிக்கல். மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒருவர் விடிய எழும்பும்போதே கை வரவில்லை என்றால், எப்போது தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் டொக்டர் "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தவர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். இரவு 10 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார் என்றால், கடிகாரம் அங்கிருந்துதான் ஓடும்.

கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: தலைக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஏறத்தாழ 2 மில்லிசீவேர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையாகவே ஓர் ஆளுக்கு வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவேர்ட் கிடைக்கிறது, வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும். (நம் புல்மோட்டைக் கனிம மணலிலேயே தோரியம் என்ற கதிரியக்க உலோகம் கொஞ்சம் இருக்கிறது.) தேவைக்கு ஒன்று எடுப்பதில் பயமில்லை. சின்னப் பிள்ளைக்கு ஒவ்வொரு தலைவலிக்கும் எடுப்பதுதான் கூடாது.

இனி எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ்ரே இல்லை. தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசன் அணுக்கருக்களை ஒரு பெரிய காந்தம் ஒழுங்குபடுத்துகிறது, வானொலி அலை ஒன்று அவற்றைத் தட்டிவிடுகிறது, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தரும் சமிக்ஞையிலிருந்து படம் பிறக்கிறது. வழக்கமான மெஷினின் பலம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. மூளைத்தண்டு, சிறுமூளை போன்ற இடங்களில் சுற்றியுள்ள தடித்த எலும்பு சி.டி. படத்தைக் குழப்பிவிடும்; எம்.ஆர்.ஐ.க்கு அந்தத் தொல்லை இல்லை. சின்னக் கட்டி, நரம்பு உறை தேய்வு, வலிப்புக்குக் காரணமான தழும்பு எல்லாம் இதில்தான் துலங்கும். அடைப்பு ஏற்பட்ட மூளைப் பகுதியையும் மிக முன்னதாகவே காட்டும். சொல்லப்போனால், மேலே சொன்ன விடிகாலைப் பாரிசவாதத்தில் பாதிப்பு புதிதா பழையதா என்று அனுமானிக்க உதவுவதும் இதுதான்.

சரி, குறை? அரை மணித்தியாலம் போல அசையாமல் குழாய்க்குள் படுக்க வேண்டும். படீர் படீரென்ற சத்தம். அடைத்த இடம் ஆகாதவர்கள் பாதியில் எழும்பி வந்துவிடுவார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. இரும்புதான் பெரிய தலையிடி, ஏனென்றால் ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் உயிரோடுதான் இருக்கும்.

உள்ளே போகுமுன் "உடம்பில் உலோகம் ஏதும் இருக்கா?" என்று கேட்பார்கள். மற்ற இடங்களில் அது ஒரு சம்பிரதாயக் கேள்வியாக இருக்கலாம். நம் பக்கத்தில் அப்படி இல்லை. யுத்த காலத்து ஷெல் துண்டு தோளிலோ முதுகிலோ இருக்க, அதை மறந்தே வாழ்கிறவர்கள் உண்டு. அதற்காக எம்.ஆர்.ஐ. எடுக்கவே முடியாது என்றில்லை. கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் இவற்றுக்குப் பக்கத்தில் துண்டு இருக்கிறதா என்று முதலில் எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். கிரைண்டர், வெல்டிங் வேலை செய்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். தாலிக்கொடியைக் கழற்றுவதா என்று அம்மாமார் தயங்குவார்கள். பொன்னைக் காந்தம் இழுக்காது, ஆனாலும் கழற்றத்தான் வேண்டும். உண்மையில் அந்தக் கொடியில் கொழுவி வைத்திருக்கும் சேஃப்டி பின்தான் ஆபத்து. அரைஞாண், அச்சரக்கூடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது.

இந்த இரண்டுக்கும் நடுவில் யாரும் மதிக்காத ஒன்று இ.இ.ஜி. அது படமே இல்லை, உச்சந்தலையில் ஒட்டிய மின்வாய்கள் மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரைவது. ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதரில் முதன்முதலாகப் பதிவு செய்தார். மில்லிசெக்கன் கணக்கில் நடப்பதையும் பிடிக்கும். அந்த வேகம் சி.டி.க்கும் இல்லை, எம்.ஆர்.ஐ.க்கும் இல்லை. வலிப்புக்கு இதைவிட நேரடியான சோதனை கிடையாது. இடம் சொல்வதில்தான் பலவீனம்: மீன் சந்தை மதிலுக்கு வெளியே நிற்பவருக்கு ஏலம் சூடு பிடித்தது கேட்கும், கூவியது யார் என்று தெரியாது. இன்னொன்று, ஒரு தடவை எடுத்த இ.இ.ஜி. சுத்தமாக இருந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று ஆகாது. போகிற அன்று தலையில் எண்ணெய் வைக்காமல், முதல் நாளே ஷாம்பு போட்டு முழுகிவிட்டுப் போங்கள். எண்ணெய்த் தலையில் மின்வாய் சரியாகப் பிடிக்காது.

செய்தித்தாள்களில் "மூளையில் காதல் இருக்கும் இடம்" என்று வண்ணப் புள்ளிகளோடு வருவது எஃப்.எம்.ஆர்.ஐ. அது சிந்தனையைப் பார்க்கவில்லை. வேலை செய்யும் பகுதிக்கு ஒட்சிசன் நிறைந்த இரத்தம் பாய்வதைத்தான் பார்க்கிறது, அதுவும் ஐந்தாறு செக்கன் பிந்தி. 2009இல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு செத்த சமன் மீனை மெஷினில் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதிக்கும்போது தற்செயலாக வரும் பொய்ச் சமிக்ஞைகளைக் கணக்கில் கழிக்காமல் விட்டபோது அதன் மூளையிலும் புள்ளி எரிந்தது! அறுவைச் சிகிச்சைக்கு முன் பேச்சுப் பகுதி எங்கே என்று அறிய இது உதவும். மற்றபடி ஆராய்ச்சிக்கூடத்துச் சாமான்.

பெட் (PET) ஸ்கேன் கதிரியக்கமுள்ள சீனியை ஊசியாக ஏற்றி, மூளையில் எந்தப் பகுதி எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பது. மறதி நோயின் வகையைப் பிரிக்கவும், சிகிச்சைக்குப் பிறகு கட்டி மீண்டும் உயிர்க்கிறதா என்று அறியவும் கெட்டிக்காரன். ஆனால் அந்தச் சீனியில் உள்ள ஃபுளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகிவிடும். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஐந்தரை மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தால் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். அதனால் மருந்து நோயாளியைத் தேடி வராது, நோயாளிதான் மருந்து இருக்கும் இடத்துக்குப் பயணம் போக வேண்டும்.

பச்சைப் பிள்ளைகளுக்கு இவை எதுவும் முதலில் வேண்டியதில்லை. உச்சிக்குழி இன்னும் மூடாததால், வயிற்றுக்கு எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட் கருவியை அதன் மேல் வைத்து, தொட்டிலிலேயே மூளைக்குள் பார்த்துவிடலாம்: கதிர்வீச்சும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. குறைமாதப் பிள்ளைகளுக்கு உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறதா, நீர் கோர்த்திருக்கிறதா என்பது இதில் தெரியும். விளிம்புப் பகுதிகளும் பின்மூளையும் அவ்வளவு துலக்கமாக வராது. ஒன்றரை வயது போல உச்சி மூடிவிட்டால் இந்த வழியும் அடைபட்டுவிடும். ஆகவே பிள்ளையின் தலை அளவுக்கு மீறிப் பெருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னால், "வளர்ந்தா சரியாகும்" என்று விடாமல் அந்த மாதமே எடுத்துவிடுங்கள்.