மியூவானுக்கு எங்கே போவது: இங்கிலாந்தா, சுவிட்சர்லாந்தா?

மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான நுண்துகள்; பொருள்களின் உள்ளே ஆராய உதவும். ஐரோப்பாவில் மியூவான் கற்றை வேண்டுவோருக்கு முக்கிய வாசல்கள் இரண்டு: இங்கிலாந்தின் ஐசிஸ் ஆய்வுக்கூடம், சுவிட்சர்லாந்தில் வில்லிகன் ஊரிலுள்ள பால் ஷெரர் நிலையம். ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த, நியூட்ரான், மியூவான் ஆய்வுக்கூடங்களின் என்எம்ஐ3 கூட்டமைப்பு, வெளிநாட்டு ஆய்வாளர்கள் இரண்டுக்கும் போய்வர வழிசெய்தது.

மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவிநாடிதான். பொருளுக்குள் போய் நின்று, சிதையும்போது ஒரு பாசிட்ரானை (நேர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்) வீசி, அங்கிருந்த காந்தப்புலம் பற்றிச் சேதி சொல்லிவிடும்.

ஐசிஸில் மியூவான்கள் கொத்துக் கொத்தாக வரும். கொத்துகளுக்கு நடுவே கற்றை இல்லை. அதனால் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு, 20 மைக்ரோவிநாடி வரைகூடப் பொறுமையாக எண்ணலாம். பேட்டரிப் பொருளில் லித்தியம் அயனி ஊர்வது போன்ற மெதுவான சங்கதிகளுக்கு இதுதான் சரி. ஆனால் ஒரு கொத்தே பல பத்து நானோவிநாடி நீளம். காந்தப்புலத்தில் மியூவானின் தற்சுழற்சி அச்சு வேகமாகச் சுழன்றால், அது இதில் மங்கிப்போகும்.

வில்லிகனில் 590 மெகா எலக்ட்ரான்வோல்ட் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியிலிருந்து கற்றை தொடர்ச்சியாக வருகிறது. மியூவான் ஒவ்வொன்றுக்கும் அது வந்ததும் ஓடத் தொடங்கும் தனிக் கடிகாரம். முந்தையது சிதையுமுன் அடுத்தது வந்துவிட்டால், எந்தப் பாசிட்ரான் எதனுடையது என்று தெரியாது; இரண்டையும் கணக்கில் சேர்க்க முடியாது. எரிச்சலான ஏற்பாடுதான். ஆனாலும் உயர் காந்தப்புலம், மெல்லிய படலம் என்றால், என்னைக் கேட்டால், யோசிக்காமல் இங்கேயே விண்ணப்பிக்கலாம். ஒரே பொருளை இரண்டு இடத்திலும் அளப்பவர்களும் உண்டு.