கழுத்து ரத்தக்குழாய் ஆபரேஷன்: ரிப்போர்ட் சரியாகட்டும் என்று காத்திருப்பதா, இரண்டு வாரத்துக்குள் முடிப்பதா?

மாமனாருக்கு மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கழுத்துத் தமனியில் எழுபது சதவீதத்துக்கு மேல் அடைப்பு என்று நாகர்கோவிலில் எடுத்த டாப்ளர் ஸ்கேன் சொன்னது. அதற்குச் சில நாள் முன்புதான் தக்கலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வலது கை கொஞ்ச நேரம் செயலிழந்தது. கிளாஸ் நழுவியது, சட்டைப் பையிலிருந்து சில்லறை எடுக்க விரல் வரவில்லை. அப்புறம் தானாகவே சரியாகிவிட்டது. அடைப்பை எடுக்கும் ஆபரேஷன் வேண்டும் என்பதில் வீட்டில் தகராறு இல்லை. எப்போது என்பதில்தான் இரண்டு கட்சி.

மாமனாரின் தம்பி காத்திருக்கும் கட்சி. "இப்பம் ஒரு கொழப்பமும் இல்லியே, சி.ஆர்.பி.யும் சுகரும் கொறஞ்ச பொறவு போலாம்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சி.ஆர்.பி., ஃபைப்ரினோஜன் போன்ற, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் புரதங்கள் கூடுதலாக இருப்பவர்களுக்கு ஆபரேஷனை ஒட்டிப் பக்கவாதம் வரும் வாய்ப்பும் கூடுதல் என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அழற்சி உள்ள கொழுப்புப் படிவு எளிதில் வெடிக்கும் என்பதால் அதில் பொருளும் உண்டு. ஆனால் சி.ஆர்.பி. கல்லீரல் சுரக்கும் பொதுவான ஒரு புரதம். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, சளி எதற்கும் ஏறும். அந்த எண்ணை வைத்து கழுத்துக்குள் நடப்பதைச் சொல்ல முடியாது. மூன்று மாத சர்க்கரை அளவும் அப்படித்தான். ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அது அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுளே சுமார் 120 நாள், அந்த எண் ஒரு வாரத்தில் அசையாது. மயக்க மருந்து டாக்டருக்கு அன்றன்றைய சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் போதும். அதை இன்சுலின் பார்த்துக்கொள்ளும்.

நாங்கள் சீக்கிரம் முடிக்கும் பக்கம் சாய்ந்தது ஒரே காரணத்துக்காக: நாள் கணக்கு. இப்படி வந்துபோன அறிகுறிக்குப் பிறகு நிஜமான ஸ்ட்ரோக் வரும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். 2004-இல் பெரிய சோதனைகளின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பாதிக்கு மேல் அடைப்பு உள்ளவர்களில் இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் 5 பேருக்கு ஒருவர் வீதம் ஸ்ட்ரோக்கிலிருந்து தப்புகிறார். பன்னிரண்டு வாரம் கழித்துச் செய்தால் 125 பேருக்கு ஒருவர்தான். கத்தி ஒன்றுதான், பலன் மட்டும் தேதியைப் பொறுத்துக் கரைகிறது. சி.ஆர்.பி. இறங்கட்டும் என்று ஒரு மாதம் உட்கார்ந்தால், இறங்குவது அதுவா, பலனா? நம் ஊரில் அந்த ஒரு மாதம் சும்மாவும் போகாது. இடையில் ஒரு கல்யாணம், ஒரு கோயில் கொடை என்று இரண்டு மாதமாகிவிடும்.

அதற்காக ரத்தப் பரிசோதனை வீண் என்று சொல்லவில்லை. இதயத் தசை பாதித்ததைக் காட்டும் ட்ரோபோனின் கூடியிருந்தால் முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பின் அளவைப் பார்த்து, அதைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை அன்றே தொடங்கிவிடலாம், அது சி.ஆர்.பி.யையும் சேர்த்தே குறைக்கும். ஆஸ்பிரினை நிறுத்தாமல் தொடர்ந்தோம்.

ஆபரேஷனுக்குப் பதில் அடைப்புக்குள் வலைக்குழாய் வைத்து விரிக்கும் ஸ்டென்டைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. இரண்டையும் ஒப்பிட்டு 2010-இல் வெளிவந்த கிரெஸ்ட் ஆய்வில் ஸ்டென்டில் பக்கவாதம் கூடுதல், ஆபரேஷனில் மாரடைப்பு கூடுதல். சுமார் எழுபது வயதைத் தாண்டினால் தராசு ஆபரேஷன் பக்கம் சாய்ந்தது. மாமனார் எழுபதைத் தாண்டியவர், இதயமும் பரவாயில்லை.

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்தில் கழுத்தை மட்டும் மரக்கச் செய்து ஆபரேஷன் முடிந்தது. மூளைக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க, அழுத்தினால் கீச்சிடும் ரப்பர் பொம்மை ஒன்றை வலது கையில் கொடுத்திருந்தார்கள். அவர் அதை விடாமல் அழுத்தி டாக்டர்களைக் கடுப்பேற்றியது தனிக்கதை.

இது ஒரு வீட்டு அனுபவம்தான். அறிகுறியே இல்லாமல் செக்கப்பில் அடைப்பு தெரிந்தவருக்கு இந்த அவசரக் கணக்கு பொருந்தாது. அவருக்குப் பொறுமையாக யோசிக்க நேரம் உண்டு. ஸ்கேனில் மூளையின் பெரிய பகுதி பாதித்திருந்தாலோ, காய்ச்சலோடு தொற்று இருந்தாலோ காத்திருப்பதே சரி. முதல் இரண்டு நாளுக்குள்ளேயே செய்வதில் ஆபத்து கூடுதல் என்று ஸ்வீடன் பதிவேடு ஒன்றும் காட்டியிருக்கிறது.

சர்ஜனிடம் கேட்க வேண்டிய கேள்வி சி.ஆர்.பி. எவ்வளவு என்பதல்ல. "உங்களிடம் இந்த ஆபரேஷனில் எத்தனை பேருக்கு ஸ்ட்ரோக்கோ மரணமோ வருகிறது?" என்று கேளுங்கள். அறிகுறி வந்தவர்களில் நூற்றுக்கு 6-க்குள், வராதவர்களில் 3-க்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறிகளின் வரம்பு.